மூன்று வேலை நாட்கள்

2019ஆம் ஆண்டு பொங்கல் விடுமுறை முடிந்து கல்லூரி திறந்திருந்த சமயம். ஒரு புதன்கிழமை முற்பகல், துறையறையில் அமர்ந்து விடைத்தாள்களைத் திருத்திக்கொண்டிருந்தேன். வாசலில் நிழல் தட்டியது. நிமிர்ந்து பார்த்தால் ஓர் ஏட்டு நின்றிருந்தார். சீருடையில் ஒருவர் கல்லூரி வளாகத்துக்குள் வந்தால், எந்த மாணவன் என்ன செய்துவிட்டானோ என்றுதான் ஆசிரியர் மனம் முதலில் பதறும். என் முகத்தைப் பார்த்தே அதை அவர் புரிந்துகொண்டார் போலும்.

“பசங்க விசயம் இல்லீங்க சார். உங்க சொந்தக்காரரு ஒருத்தரு துப்பாக்கி லைசென்சுக்கு மனுப் போட்டிருக்காரு. விசாரிச்சு எழுதோணும். தெரிஞ்சவங்கன்னு உங்க பேரைச் சொன்னாருங்க.”

உட்காரச் சொல்லித் தண்ணீர் கொடுத்தேன். அவர் கையிலிருந்த கோப்பைத் திறந்து வைத்து, பேனா மூடியைக் கழற்றி, என்னைப் பார்த்துக் கேட்டார்: “ஆளு எப்படீங்க?”

ஒரு மனிதன் கையில் ஆயுதத்தைக் கொடுக்கலாமா என்று தீர்மானிக்க ஓர் அரசு எத்தனை படிவங்களை அச்சடித்தாலும், எத்தனை மேசைகள் வழியாகக் கோப்பை அனுப்பினாலும், கடைசியில் எல்லாம் இந்த இரண்டு சொற்களில்தான் வந்து நிற்கின்றன என்று இப்போது தோன்றுகிறது. அன்று அப்படியெல்லாம் தோன்றவில்லை. அந்தக் கேள்வியிலிருந்து எப்படித் தப்பிப்பது என்பதுதான் அன்று என் மனத்தில் இருந்தது.

“ரொம்ப நல்ல மனுசருங்க” என்றேன். அது பொய்யில்லை.

“மனசு சம்பந்தமா, குடும்பத்துல, எதாச்சும் பிரச்சினைங்களா?”

நான் விடைத்தாள்களை அடுக்கத் தொடங்கினேன். “வகுப்புக்கு நேரமாச்சுங்க. திங்கட்கிழமை வாங்க, எழுதியே தந்துடறேன்” என்றேன்.

அவர் கோப்பை மூடிக்கொண்டு போய்விட்டார். அந்த மணி நேரத்தில் எனக்கு வகுப்பு எதுவும் இல்லை.

*

மனுப் போட்டிருந்தவர் என் பெரியப்பா மகன். எங்கள் ஊர் சத்தியமங்கலம் மலையடிவாரத்தில் இருக்கிறது. அண்ணனின் தோட்டத்துக்கும் காட்டுக்கும் நடுவில் ஒரு பள்ளம் மட்டும்தான். நான்கு ஏக்கரில் நிலக்கடலையும் மக்காச்சோளமும் மாறி மாறிப் போடுவார். கதிர் பால் பிடிக்கும் பருவத்தில் காட்டுப்பன்றிக் கூட்டம் ஓர் இரவு உள்ளே புகுந்தால் போதும், விடியும்போது தோட்டம் ஏர் ஓட்டியதுபோல் கிடக்கும். தகரம் தட்டுவது, வெடி போடுவது, இரவெல்லாம் பரணில் விழித்திருப்பது என எல்லாம் செய்து பார்த்தார். பழைய சேலைகளை வரிசையாகக் கட்டித் தோட்டத்தைச் சுற்றி வேலிபோல் நிறுத்துவது எங்கள் பக்கத்து வழக்கம். காற்றில் சேலை அசைந்தால் ஆள் நிற்பதாக நினைத்துப் பன்றி ஒதுங்கும் என்று ஒரு நம்பிக்கை. பன்றிகளும் நாளடைவில் பழகிக்கொள்கின்றன.

பெரியப்பா காலத்தில் வீட்டில் ஒரு நாட்டுத் துப்பாக்கி இருந்தது. குழலின் வாய்வழியே கருமருந்தைப் போட்டுக் கெட்டித்துச் சுடுவது. தேர்தல் அறிவித்துவிட்டால் பெரியப்பா அதைச் சாக்கில் சுற்றி மிதிவண்டியில் கட்டி எடுத்துப்போய்க் காவல் நிலையத்தில் ஒப்படைத்து ரசீது வாங்கி வருவார். முடிவுகள் வந்த பிறகு அதே சாக்கோடு போய்த் திரும்பப் பெறுவார். அவர் இறந்ததும் துப்பாக்கி நிலையத்துக்குப் போனது. உரிமத்தை வாரிசு பெயருக்கு மாற்ற யாரும் அலையவில்லை. 2018இல் மக்காச்சோளம் மொத்தமும் போன பிறகுதான் அண்ணனுக்கு அந்தத் துப்பாக்கியின் நினைவு வந்தது.

உரிமம் கிடைத்தாலும் பன்றியைக் கொல்லும் உரிமை அதனோடு சேர்ந்து வந்துவிடாது. 1972ஆம் ஆண்டு வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் அது பாதுகாக்கப்பட்ட விலங்கு. சத்தம் போட்டு விரட்டத்தான் துப்பாக்கி. அண்ணனுக்கும் அது தெரியும். “சத்தம் போதும் தம்பி, சத்தத்துக்கே ஓடிப்போயிரும்” என்பார்.

ஏட்டிடம் நான் சொல்லாமல் விட்டது வேறொன்று. மழை பொய்த்த 2013இல், கிணறு வற்றி, வாங்கிய கடனுக்கு வட்டிமேல் வட்டி ஏறிக்கொண்டிருந்த நாட்களில், அண்ணன் தன் உயிரை மாய்த்துக்கொள்ள முயன்றார். கோவையில் ஒரு மருத்துவமனையில் ஒன்பது நாட்கள் கிடந்து பிழைத்தார். அவசரப் பிரிவில் குறிப்பெடுத்த இளம் மருத்துவர், என்ன நடந்தது என்று கேட்டபோது, கூட வந்தவர்களில் படித்தவன் என்று எல்லோரும் என்னைத்தான் முன்னால் தள்ளினார்கள். “தவறுதலாக நடந்துவிட்டது” என்றேன். அப்படியே எழுதிக்கொண்டார்.

அந்தப் பொய்க்குக் காரணம் இருந்தது. அன்றைக்குத் தற்கொலை முயற்சி இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 309ஆம் பிரிவின்படி குற்றம். ஓராண்டு வரை சிறை என்று எழுதியிருந்தது. 2018இல் நடைமுறைக்கு வந்த மனநலப் பராமரிப்புச் சட்டம், முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்ததாகவே கொள்ள வேண்டும், தண்டிக்கக் கூடாது என்றது. 2024 ஜூலையில் பழைய தண்டனைச் சட்டமே போய், புதிய சட்டத்தில் அந்தப் பிரிவு இல்லாமலாயிற்று. ஆனால் 2013இல், சாவிலிருந்து மீண்ட மனிதரை வழக்கில் மாட்டிவிட யாருக்கு மனம் வரும்? அன்று அந்த ஒரு சொல்லைச் சொன்னதற்காக நான் வருந்தியதில்லை. ஆறாண்டுகள் கழித்து, கோப்போடு ஒருவர் வந்து நின்றபோதுதான் அந்தச் சொல் எங்கெல்லாம் போய் அமர்ந்திருக்கிறது என்று விளங்கியது. எந்த ஆவணத்தைப் புரட்டினாலும் அண்ணனைப் பற்றி ஒரு குறையும் அகப்படாது. அழித்தவன் நான்.

*

நம் நாட்டுச் சட்டம் கேட்க வேண்டியதைக் கேட்காமல் இல்லை. 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் 13ஆம் பிரிவு, மனு வந்ததும் அருகிலுள்ள காவல் நிலைய அதிகாரியின் அறிக்கையை உரிமம் வழங்கும் அதிகாரி கோர வேண்டும் என்கிறது. பயிர்ப் பாதுகாப்புக்கு வாய்வழி மருந்து கெட்டிக்கும் துப்பாக்கியைக் கொடுக்கலாம் என்றும் அதே பிரிவு சொல்கிறது. போதிய சொத்து இல்லை என்பதை மட்டும் காரணமாக்கி மறுக்கக் கூடாது என்பது அடுத்த பிரிவு. மனநிலை சரியில்லாதவருக்கு ஆயுதம் கூடாது என்பதும் சட்டத்தில் உண்டு. 2016ஆம் ஆண்டு விதிகளின்படி, உடல்நலம், மனநலம் பற்றியும், போதைக்கு அடிமையாகாதவர் என்பது பற்றியும் மருத்துவச் சான்று இணைக்க வேண்டும். அண்ணனும் இணைத்திருந்தார். அவரை முதன்முறையாகப் பார்த்த ஒரு மருத்துவர் கொடுத்த சான்று.

இந்தச் சட்டத்துக்கு ஒரு பாட்டன் உண்டு. 1878இல் வைசிராய் லிட்டன் காலத்தில் வந்த ஆயுதச் சட்டம். அதே ஆண்டில்தான் சுதேசமொழிப் பத்திரிகைச் சட்டமும் வந்தது. துப்பாக்கியையும் தாய்மொழி அச்செழுத்தையும் ஒரே ஆண்டில் ஓர் அரசு அஞ்சியிருக்கிறது என்பது தமிழ் படித்த எனக்கு எப்போதும் வியப்புத் தரும் செய்தி. குடிமகனை நம்பாமல் பிறந்த சட்டம் அது. அதன் வழிவந்ததால்தானோ என்னவோ, நம் அலுவலகங்களில் ஆயுத மனு என்றால் கோப்பு நகராமல் கிடப்பதே இயல்பு என்றாகிவிட்டது.

கடலுக்கு அப்பால் வேறொரு நாட்டில் இதற்கு நேரெதிரான இயல்பு இருக்கிறது. அந்தப் புதன்கிழமை இரவு எனக்கு உறக்கம் வரவில்லை. நினைவு அந்த நாட்டுக்குத்தான் போயிற்று. போனதற்குக் காரணம் எங்கள் பக்கத்து மனிதர் ஒருவர்.

*

கோபிசெட்டிபாளையத்தை அடுத்த கரட்டடிபாளையத்தில் பிறந்தவர் பேராசிரியர் ஜி.வி.லோகநாதன். கோவையில் பொறியியல் படித்து, கான்பூர் ஐ.ஐ.டி.க்கும் பின்னர் அமெரிக்காவின் பர்டூ பல்கலைக்கழகத்துக்கும் போய், வர்ஜீனியா டெக் பல்கலைக்கழகத்தில் இருபத்தைந்து ஆண்டுகள் நீரியல் கற்பித்தவர். 2007 ஏப்ரல் 16, திங்கட்கிழமை காலை, நாரிஸ் ஹால் என்ற கட்டடத்தில் அவர் பாடம் நடத்திக்கொண்டிருந்தபோது ஒரு மாணவன் துப்பாக்கியோடு உள்ளே வந்தான். அன்று அந்தப் பல்கலைக்கழகத்தில் 32 பேர் கொல்லப்பட்டார்கள். லோகநாதனுக்கு வயது 53.

நான் அப்போது கௌரவ விரிவுரையாளராகச் சேர்ந்து ஓராண்டுகூட ஆகியிருக்கவில்லை. மறுநாள் தேநீர்க் கடையில் செய்தித்தாளைச் சுற்றி நின்றவர்கள் எல்லோரும் “நம்மூர்க்காரரு, நம்மூர்க்காரரு” என்று சொல்லிக்கொண்டிருந்தது காதில் நிற்கிறது. அமெரிக்காவில் துப்பாக்கி எப்படி வாங்குகிறார்கள் என்று தேடிப் படிக்கும் பழக்கம் அன்று தொடங்கியது. பிறகு விடவில்லை.

அந்த மாணவன் ஆங்கில இலக்கியத் துறையைச் சேர்ந்தவன். அவன் எழுதியதைப் படித்த ஆசிரியர்கள் அவனிடம் ஏதோ சரியில்லை என்பதை முன்பே கண்டுகொண்டார்கள். கவிஞர் நிக்கி ஜியோவானி, அவன் தன் கவிதை வகுப்பில் இருந்தால் வேலையையே விட்டுவிடுவதாகத் துறையிடம் சொன்னார். துறைத் தலைவராக இருந்த லூசிண்டா ராய் அவனைத் தனியே அமர்த்திப் பாடம் சொல்லிக்கொடுத்தார். பல்கலைக்கழகத்தின் பிற அலுவலகங்களுக்கும் எச்சரிக்கை தெரிவித்தார். 2005 டிசம்பரில் ஒரு நீதிமன்ற விசாரணையில், அவன் தனக்குத்தானே தீங்கு செய்துகொள்ளும் நிலையில் இருக்கிறான் என்று முடிவாகி, வெளிநோயாளியாகச் சிகிச்சை பெற உத்தரவானது.

1968ஆம் ஆண்டு முதல் நடப்பிலுள்ள கூட்டாட்சிச் சட்டத்தின்படி, அப்படியோர் உத்தரவு உள்ளவனுக்குத் துப்பாக்கி விற்கக் கூடாது. ஆனால் வர்ஜீனியா மாநிலம், மருத்துவமனையில் உள்நோயாளியாகச் சேர்க்கப்பட்டவர்களின் விவரத்தை மட்டுமே சோதனைப் பட்டியலுக்கு அனுப்பி வந்தது. இவன் வெளிநோயாளி. தாள் போகவில்லை. 2007 பிப்ரவரி 9 அன்று ஒரு கைத்துப்பாக்கி, மார்ச் 13 அன்று இன்னொன்று. இரண்டு முறையும் சோதனை நடந்தது. இரண்டு முறையும் அவன் தேறினான்.

இடையில் ஏன் ஒரு மாதம் என்று கேட்கலாம். முப்பது நாட்களுக்கு ஒரு கைத்துப்பாக்கிக்கு மேல் வாங்கக் கூடாது என்று அந்த மாநிலத்தில் அப்போது விதி இருந்தது. அவன் அந்த விதிக்குக் கட்டுப்பட்டுக் காத்திருந்தான். இதைப் படித்த அன்று எனக்கு உடம்பு சிலிர்த்தது. காத்திருக்கச் சொன்னார்கள், காத்திருந்தான். அந்த முப்பது நாட்களில் யாரும் யாரிடமும் எதையும் கேட்கவில்லை. தாமதம் ஒரு காலிக் குடம். அதில் யாராவது ஏதாவது ஊற்றினால்தான் உண்டு.

*

அமெரிக்கச் சோதனைமுறைக்கும் ஒரு குருதி வரலாறு உண்டு. 1981 மார்ச் 30 அன்று அதிபர் ரேகனைச் சுட்டவனின் குண்டு, அவருடைய பத்திரிகைச் செயலாளர் ஜேம்ஸ் பிராடியின் தலையில் பாய்ந்து அவரை வாழ்நாள் முழுவதும் முடமாக்கியது. சுட்டவன் டாலஸ் நகரத்து அடகுக்கடை ஒன்றில் பொய் முகவரி கொடுத்து அந்தத் துப்பாக்கியை வாங்கியிருந்தான். பிராடியும் அவர் மனைவியும் பல ஆண்டுகள் போராடியதன் விளைவாக 1993 நவம்பரில் பிராடி சட்டம் கையெழுத்தானது. முதல் சில ஆண்டுகள் கைத்துப்பாக்கிக்கு ஐந்து நாள் காத்திருப்பு இருந்தது. 1998 நவம்பர் 30 முதல் எஃப்.பி.ஐ. நடத்தும் உடனடிச் சோதனை வந்தது.

உரிமம் பெற்ற கடையில் வாங்குபவர் 4473 என்ற எண்ணுள்ள படிவத்தை நிரப்புகிறார். கடைக்காரர் தொலைபேசியிலோ கணினியிலோ கேட்கிறார். மூன்றில் ஒரு பதில் வரும்: கொடுக்கலாம், கூடாது, பொறுத்திரு. பெரும்பாலும் சில நிமிடங்களில் முடிந்துவிடும். சிக்கல் எல்லாம் மூன்றாவது பதிலில் இருக்கிறது. ‘பொறுத்திரு’ என்று வந்து, மூன்று வேலை நாட்கள் கடந்தும் மறுபதில் வராவிட்டால், கடைக்காரர் விரும்பினால் துப்பாக்கியைக் கொடுத்துவிடலாம். கூட்டாட்சிச் சட்டம் அதைத் தடுக்காது. அதைவிட நீண்ட கெடு வைத்திருக்கும் மாநிலங்களும் உண்டு. ஒரு குடிமகனின் உரிமையை ஓர் அலுவலகத்தின் சோம்பல் காலமெல்லாம் முடக்கிவைக்கக் கூடாது என்பது அதற்குச் சொல்லப்படும் நியாயம். நம் ஊர் அலுவலகங்களைக் கண்டவர்கள் அந்த நியாயத்தை எளிதில் தள்ளிவிட முடியாது.

2015 ஏப்ரலில் தென் கரோலினாவில் 21 வயது நிரம்பிய ஓர் இளைஞன் கைத்துப்பாக்கி வாங்கப் போனான். சில வாரங்களுக்கு முன் போதைப்பொருள் வழக்கில் பிடிபட்டு, வைத்திருந்ததை ஒப்புக்கொண்டவன். அந்த ஒப்புதல் கண்ணில் பட்டிருந்தால் மறுக்கப்பட்டிருப்பான். பதிவேட்டில் அவனைக் கைது செய்த துறையின் பெயர் தவறாக இருந்தது. சரிபார்த்த அதிகாரி வேறு இடத்தில் விசாரித்தார். சரியான ஊரின் காவல் துறையை அவர் எட்டுவதற்குள் மூன்று நாட்கள் முடிந்துவிட்டன. கடைக்காரர் கொடுத்தார். ஜூன் 17 அன்று சார்ல்ஸ்டன் நகரத்தின் இம்மானுவேல் தேவாலயத்தில் விவிலிய வகுப்புக்குக் கூடியிருந்த ஒன்பது கறுப்பின மக்களை அவன் சுட்டுக் கொன்றான். அவன் கைக்குத் துப்பாக்கி போயிருக்கக் கூடாது என்று எஃப்.பி.ஐ. இயக்குநரே அடுத்த மாதம் ஒப்புக்கொண்டார். 2022இல் வந்த சட்டம், 21 வயதுக்குக் குறைந்தவர்களுக்கு மட்டும், ஐயம் இருந்தால், மூன்று நாட்களைப் பத்தாக நீட்டியது. சார்ல்ஸ்டன் இளைஞனுக்கு அந்தச் சட்டமும் பொருந்தியிருக்காது.

டெக்சஸ் மாநிலத்துச் சதர்லேண்ட் ஸ்பிரிங்ஸில், 2017 நவம்பரில் தேவாலயத்துக்குள் 26 உயிர்களைப் பறித்தவன் கதையும் இதுதான். மனைவியையும் குழந்தையையும் அடித்ததற்காக விமானப்படை நீதிமன்றம் 2012இலேயே அவனைத் தண்டித்திருந்தது. விமானப்படை அந்தத் தீர்ப்பைச் சோதனைப் பட்டியலுக்கு அனுப்பவில்லை.

மூன்றிலும் அறிந்தவர்கள் இருந்தார்கள். ஆசிரியருக்குத் தெரியும், நீதிபதிக்குத் தெரியும், ஊர்க் காவலருக்குத் தெரியும். கடைக்காரரின் மேசைக்குத்தான் தெரியவில்லை. பதில் வராமை அங்கே ‘கொடு’ என்று பொருள்படுகிறது. இங்கே ‘கிடக்கட்டும்’ என்று பொருள்படுகிறது. இரண்டுமே பதில் அல்ல.

இன்னொன்றையும் அந்த இரவில் நினைத்துக்கொண்டேன். அமெரிக்காவில் துப்பாக்கியால் இறப்பவர்களில் பாதிக்கு மேற்பட்டோர் பிறரால் சுடப்பட்டவர்கள் அல்லர், தம்மைத் தாமே சுட்டுக்கொண்டவர்கள். பெரிய கொலைகள்தான் செய்தியாகின்றன. எங்கோ ஒரு வீட்டில், ஓர் இருண்ட மணி நேரத்தில், கைக்கெட்டும் தூரத்தில் துப்பாக்கி இருந்தது என்ற ஒரே காரணத்தால் முடிந்துபோகும் வாழ்க்கை செய்தியாவதில்லை. ஆளைத் தெரிந்து தெளிவதில் நம் மரபு பழுத்தது என்று வகுப்பில் பெருமை பேசுபவன் நான். என் அண்ணனைப் பற்றி இரண்டு வரி எழுத முடியாமல் கிடந்தேன்.

*

திருக்குறளில் ஐம்பத்தோராவது அதிகாரம் தெரிந்துதெளிதல். ஆண்டுதோறும் நடத்தும் பாடம். ஒருவனிடம் பொறுப்பை ஒப்படைக்கும் முன் அறம், பொருள், இன்பம், உயிரச்சம் என்ற நான்கு வழிகளாலும் ஆராய வேண்டும் என்று முதல் குறள் சொல்லும். பரிமேலழகர் இந்த நான்கையும் நான்கு உபதைகளாக விரித்து, அரசன் ஆளனுப்பிச் சோதிக்கும் முறையைக் கதைபோல் விளக்குவார். குணத்தையும் குற்றத்தையும் எடைபோட்டு மிகுதியானதைக் கொண்டு முடிவுசெய்யச் சொல்லும் குறளும் இதே அதிகாரத்தில்தான் வருகிறது. மாணவர்களின் நன்னடத்தைச் சான்றிதழ்களில் ‘நன்று’ என்று எழுதிக் கையெழுத்திடும் ஒவ்வொரு முறையும் அந்தக் குறளை நினைத்துக்கொள்வேன். ஒருவனிடம் நல்லது மிகுதி என்றால் நன்று என்று எழுதுவதில் தவறென்ன?

அந்தத் தராசில் அண்ணனை வைத்தால் எந்த ஐயமும் இல்லை. ஊரில் ஒருவருக்கும் தீங்கு நினைக்காதவர். என் தந்தை இறந்தபோது என் படிப்புச் செலவை ஏற்றவர். குணம் மலையளவு. ஆனால் துப்பாக்கியைப் பொறுத்தவரை இந்தக் கணக்கு பொருந்துமா என்ற ஐயம் அன்றுதான் முதன்முதலில் எழுந்தது. வள்ளுவர் பேசுவது வினையை ஒப்படைப்பது பற்றி. நாள்தோறும் செய்யும் வேலைக்கு மனிதனின் பெரும்பகுதி போதும். துப்பாக்கிக்கு அவனுடைய மிக மோசமான ஒரு மணி நேரம்தான் கணக்கு. மீதி வாழ்நாள் முழுவதும் அவன் எவ்வளவு நல்லவனாக இருந்தாலும் அந்த ஒரு மணி நேரத்துக்கு அது ஈடாகாது.

அதிகாரத்தின் கடைசிக் குறள் இன்னும் கடினமானது. ஆராயாமல் நம்புவதும், நம்பியபின் ஐயப்படுவதும் இரண்டுமே தீராத துன்பம் என்கிறது. அண்ணனைப் பற்றி உண்மையைச் சொன்னால் நான் நம்பியவரை ஐயுற்றவன் ஆவேன். அவர் ஆறாண்டுகளாக மறைத்து வைத்திருக்கும் அவமானத்தை அரசாங்கக் கோப்பில் ஏற்றியவனும் ஆவேன். நல்லவர் என்று மட்டும் எழுதினால் ஆராயாமல் நம்பியவனுக்கும் கீழானவன், ஏனென்றால் எனக்குத் தெரியும்.

*

திங்கட்கிழமை ஏட்டு வரவில்லை. நானும் காவல் நிலையத்துக்குப் போகவில்லை. அடுத்த வாரம் வருவார் என்று காத்திருந்தேன் என்பதைவிட, வராமல் இருக்கட்டும் என்று வேண்டிக்கொண்டிருந்தேன் என்பதே உண்மை. மார்ச் மாதம் நாடாளுமன்றத் தேர்தல் அறிவிக்கப்பட்டது. இருக்கும் துப்பாக்கிகளைத் திரும்ப வாங்கி வைக்கும் வேலை தொடங்கிவிட்டது. புதிய மனுவைப் பற்றி யாரிடம் கேட்பது? அந்த ஏட்டு வேறு ஊருக்கு மாறுதலாகிப் போனார் என்று கேள்விப்பட்டேன். அடுத்த ஆண்டு கொரோனா.

அண்ணன் விடாமல் அலைந்தார். ஆட்சியர் அலுவலகத்தில் கேட்டால் காவல் துறை அறிக்கை வரவில்லை என்பார்கள். நிலையத்தில் கேட்டால் அனுப்பியாயிற்று என்பார்கள். குறித்த காலத்துக்குள் அறிக்கை வராவிட்டால் அதற்குக் காத்திராமல் அதிகாரி முடிவெடுக்கலாம் என்று சட்டத்திலேயே இடமுண்டு. எடுத்தாக வேண்டும் என்று இல்லை. “ஒரு கையெழுத்துக்கு ரெண்டு வருசமா தம்பி? பன்னிக்கு இருக்கற மருவாதி கூட நமக்கு இல்ல” என்று அண்ணன் என் எதிரில் அமர்ந்து பொருமும்போதெல்லாம் நான் தலையாட்டிக்கொண்டிருப்பேன். அரசாங்கத்தைத் திட்டுவார். நானும் சேர்ந்து திட்டியிருக்கிறேன். அந்தத் தாமதம் நான்தான் என்று உள்ளுக்குள் ஒரு குரல் சொல்லிக்கொண்டே இருக்கும். அவருக்கு அந்த இரண்டு ஆண்டுகளில் போன வெள்ளாமைக்கும் நான்தான் பொறுப்பு. அதையும் மறைப்பதற்கில்லை.

2021ஆம் ஆண்டு ஆடி மாதம், அண்ணன் இல்லாத நேரத்தில் நங்கையிடம் இதைச் சொன்னேன். எங்கள் பக்கம் அண்ணியை நங்கை என்றுதான் அழைப்போம். ஏட்டு வந்ததையும், நான் நழுவியதையும், அதனால்தான் உரிமம் வராமல் கிடக்கிறது என்பதையும் சொல்லி, மன்னிக்கச் சொன்னேன். முறத்தில் கடலையைப் புடைத்துக்கொண்டிருந்தவர் கையை நிறுத்தவில்லை.

“அவரு மொதல்ல நம்மூட்டுக்குத்தான வந்தாரு தம்பி. உங்கண்ணன் சந்தைக்குப் போயிருந்தாரு. மோர் குடுத்தேன். அவரு எங்கிட்ட ஒண்ணும் கேக்கல. போறப்ப நானாத்தான் சொன்னேன். ‘எங்கூட்டுக்காரரு தங்கமான மனுசருங்க. ஆனா மாசத்துல ஒரு நாளு செவுத்தப் பாத்துட்டு உக்காந்திருப்பாருங்க. அன்னிக்கு ஊட்டுல அது இருக்க வேண்டாமுங்க’ன்னு சொன்னேன். சரீங்கம்மான்னு போனாரு.”

நான் ஒன்றும் பேசாமல் அமர்ந்திருந்தேன். என் எதிரில் பேனா மூடியைக் கழற்றியபோதே அந்த ஏட்டுக்குத் தெரிந்திருக்கிறது. மனசு சம்பந்தமாக எதாவது பிரச்சினையா என்று கேட்டது ஒரு சடங்குக் கேள்வியன்று. நங்கை சொன்னதற்குத் துணைநிற்க ஒரு வாயைத் தேடி வந்திருக்கிறார். நான் வகுப்பு இருப்பதாகச் சொன்னேன். கோப்பில் அவர் கடைசியாக என்ன எழுதினார் என்பது இன்றுவரை எனக்குத் தெரியாது. எதுவானாலும் அது என் சொல்லால் எழுதப்பட்டதன்று.

கனடாவில் 1989இல் ஒருவன் மான்ட்ரியல் நகரப் பொறியியல் கல்லூரியில் புகுந்து 14 பெண்களைக் கொன்றான். அதன்பின் எழுந்த கோரிக்கைகளின் பயனாக 1995இல் வந்த சட்டப்படி, துப்பாக்கி உரிமம் கேட்பவரின் மனைவிக்கோ கணவனுக்கோ அந்தச் செய்தி தெரிவிக்கப்படும். முதன்முறை கேட்பவர் குறைந்தது 28 நாட்கள் காத்திருக்க வேண்டும். அவர்களுக்கு ஏதேனும் கவலை இருந்தால் சொல்லலாம். காலிக் குடத்தை யார் எதிரில் வைக்க வேண்டும் என்று யாரோ யோசித்திருக்கிறார்கள். நங்கை ஐந்தாம் வகுப்பைத் தாண்டாதவர். அவருக்குப் படிவமும் வரவில்லை, கடிதமும் வரவில்லை. ஒரு குவளை மோர் குடிக்கும் நேரம்தான் கிடைத்தது. சொல்ல வேண்டியதை மூன்று வாக்கியங்களில் சொல்லிவிட்டார். கணவரின் குணத்தை முதலில் வைத்து, குற்றம் என்று கூடச் சொல்லாமல், அந்த ஒரு நாளை மட்டும் எடுத்துக் காட்டினார். அவர் சொன்னதைவிடச் சிறந்த நன்னடத்தைச் சான்றிதழை நான் இதுவரை எழுதியதில்லை.

“அண்ணனுக்குத் தெரியுமா?” என்று கேட்டேன்.

“தெரியாது. சொல்லோணும்னா நாஞ் சொல்றேன். நீங்க சொல்லாதீங்க.”

சொன்னாரா என்று நான் கேட்கவில்லை. அண்ணன் இப்போது அந்த மனுவைப் பற்றிப் பேசுவதில்லை. போன மாதம் ஊருக்குப் போனபோது மக்காச்சோளம் இடுப்பளவு நின்றது. பள்ளத்தை ஒட்டிய வரப்பில் அண்ணனும் நானும் குச்சி நட்டுக் கயிறு கட்டினோம். நங்கை வீட்டிலிருந்து பழைய சேலைகளை ஒரு மூட்டையாகக் கட்டித் தலையில் வைத்து எடுத்து வந்தார்.